ஓடுகிற கார் நிற்க வேண்டாமா?

கார் ஓடுவது பெரிய காரியம் அல்ல. நாலு பேர் தள்ளினால் ஓடும். சரிவில் விட்டால் தானாகவே ஓடும்!

நிற்க வேண்டுமே, அதுதான் பெரிய காரியம்.

பழைய அம்பாசிடர் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தாத்தா வாங்கிய கார் என்று அப்பா விற்காமல் வைத்திருப்பார். அப்பா ஓட்டிய கார் என்று பிள்ளைகள் வைத்திருப்பார்கள். 2014-ம் ஆண்டு மே மாதம் மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பு நின்றது. இனி வராது என்று தெரிந்ததும் அந்தக் காரின் மீது பாசம் இன்னும் கூடிவிட்டது.

பாசம் வந்தால் என்ன செய்வார்கள்? காரைப் புதுப்பிப்பார்கள்.

முதல் செலவு எதற்கு? பெயிண்டுக்கு! அடுத்தது சீட் உறைக்கு. பிறகு பம்பருக்குப் பளபளப்பு. பிறகு பாட்டுப் பெட்டி. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் இஞ்சினையே மாற்றி, அதிக சக்தி உள்ளதாகப் போட்டு விடுகிறார்கள்.

பிரேக்?

"அது பிடிக்கிறது சார், போதும்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இது தலைகீழான கணக்கு. அதே காரில்தான் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையும் கழுத்துமாக ஏறுகிறார்கள். பாட்டி ஏறுகிறாள். பாட்டி மடியில் பேரப்பிள்ளை. முன்னால் போகும் பஸ் திடீரென்று நின்றால், பெயிண்டா காப்பாற்றும்?

முதல் செலவு பிரேக்குக்குத்தான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

அன்றைய ரஸ்தா வேறு

அம்பாசிடர் பிறந்தது 1950-களின் கடைசியில். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாவது வரிசைக் காரின் அச்சுதான் அது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். அன்றைய ரஸ்தாவுக்கு அது போதும். எதிரே மாட்டு வண்டி வரும், சைக்கிள் வரும், எப்போதாவது ஒரு லாரி வரும்.

இன்று நான்கு வழிச் சாலை. முன்னால் போகிற புதுக் காரில் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருக்கிறது. சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். கருவியும் இருக்கிறது. அது நினைத்த இடத்தில் நின்றுவிடும். பின்னால் வரும் அம்பாசிடரும் அங்கேயே நிற்குமா?

ஒரு சின்னக் கணக்கு. நல்ல ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த பிறகு சுமார் 9 மீட்டர் ஓடி நிற்கும். 80 கிலோ மீட்டர் வேகத்தில் போனால்? 18 மீட்டர் என்று சொல்லத் தோன்றும். இல்லை! சுமார் 35 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால், நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது.

கால் பெடலுக்குப் போக ஆகும் ஒரு விநாடியில் ஓடும் தூரம் தனி. 80 கிலோ மீட்டர் வேகத்தில் அது மட்டும் 22 மீட்டர்.

பெரிய இஞ்சின் போட்டு, பழைய பிரேக்கையே வைத்துக்கொள்பவர் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்க வேண்டும்.

டிரம்மும் டிஸ்க்கும்

டிரம் என்பது கவிழ்த்த குண்டான் மாதிரி. அது சக்கரத்தோடு சுற்றும். உள்ளே வளைந்த இரண்டு ஷூக்கள் இருக்கும். பெடலை மிதித்தால் அவை விரிந்து, குண்டானை உள்ளிருந்து வெளிப்பக்கமாக அழுத்தும். அந்த உராய்வில் சக்கரம் நிற்கும்.

டிஸ்க் வேறு விதம். தோசைக்கல்லை நிறுத்தி வைத்துச் சுற்ற விடுங்கள். அதை இடுக்கியால் இரண்டு பக்கமும் கவ்விப் பிடியுங்கள். அதுதான் டிஸ்க் பிரேக்! கல்தான் டிஸ்க். இடுக்கிதான் காலிப்பர். இடுக்கியின் வாயில் இருக்கும் தேய்மானக் கட்டைகள்தான் பேடுகள்.

எது நல்லது? ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மேலே ஏறும்போது கஷ்டப்படுவது இஞ்சின். கீழே இறங்கும்போது கஷ்டப்படுவது பிரேக். வளைவுக்கு வளைவு மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கச் சூடு ஏறும். டிரம்மில் அந்தச் சூடு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. குண்டானும் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. பெடல் கீழே கீழே போகிறது. லைனிங் சூடாகி வழுக்குகிறது. ஓட்டுகிறவருக்கு வியர்க்கிறது!

டிஸ்க் வெளிக்காற்றில் சுற்றுகிறது. சீக்கிரம் ஆறுகிறது. சூட்டில் அது தடித்தாலும் பேடை விட்டு விலகாது, பேடை நோக்கித்தான் வரும். மழைக்காலத்திலும் அப்படித்தான். தேங்கிய நீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் நீர் புகுந்துவிடும். கொஞ்ச தூரம் பிரேக்கே இருக்காது. டிஸ்க்கோ நீரைச் சுழற்றி எறிந்துவிடும். மிச்சத்தைப் பேடு துடைத்துவிடும்.

இது புதுமோஸ்தர் அல்ல. பிரிட்டனில் பிரெடரிக் லாஞ்செஸ்டர் என்ற நிபுணர் 1902-லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நல்ல பேடு அப்போது கிடைக்கவில்லை. அதனால் அது பரவவில்லை. 1953-ல் பிரான்சு நாட்டில் லெமான்ஸ் என்ற இடத்தில் நடந்த 24 மணி நேர பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் ஜெயித்தது. சராசரி வேகம் மணிக்கு 100 மைலுக்கு மேல்! கடைசி நிமிடம் வரை வேகமாகப் போய், வளைவில் சட்டென்று வேகத்தைக் குறைக்க முடிந்ததும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம். 1955-ல் பிரெஞ்சுக்காரர்களின் சித்ரோயன் டி.எஸ். காரில் முன் டிஸ்க் பிரேக் வந்தது. அம்பாசிடர் பிறந்தது அதற்குப் பிறகுதான். ஆனாலும் அது டிரம்மோடுதான் பிறந்தது.

பல ஆண்டுகள் கழித்து அம்பாசிடருக்கும் முன் சக்கரத்தில் டிஸ்க் வந்தது. 1992-ல் அதற்கு 1.8 லிட்டர் இசுசு இஞ்சின் வந்தது. கார் வேகம் பெற்றால் பிரேக்கும் வலுப்பெற வேண்டும் என்று கம்பெனிக்கே தெரிந்துவிட்டது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஏன் தெரியக்கூடாது?

பாதி வேலை, முழு ஆபத்து

ஆகவே பழைய காருக்கு முன் டிஸ்க் போடலாம். குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர் போடத்தான் வேண்டும். ஆனால் அரைகுறையாகப் போடுவதைவிடப் பழைய டிரம்மே மேல்!

பலர் நினைப்பது என்ன? டிரம்மைக் கழற்றி டிஸ்க்கை மாட்டினால் வேலை முடிந்தது என்று. அது முடிவல்ல, ஆரம்பம்.

டிரம் பிரேக்கில் ஒரு ரகசியம் உண்டு. சுற்றுகிற டிரம், ஷூவைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அதனால் பிடி தானாகவே இறுகும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. காலால் அதிகம் மிதிக்க வேண்டும். அந்தச் சிரமத்தைக் குறைக்கத்தான் பூஸ்டர் என்ற கருவி இருக்கிறது. அது இஞ்சின் இழுக்கும் காற்றின் சக்தியால் வேலை செய்கிறது. பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மட்டும் போட்டுவிட்டு, "முன்பைவிட மோசமாகப் பிடிக்கிறதே!" என்று மெக்கானிக்கைக் கோபிப்பவர்கள் உண்டு. டீசல் இஞ்சின் அப்படிக் காற்றை இழுக்காது. அதற்குத் தனிப் பம்பு வேண்டும். இதையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பூஸ்டர் போட்டவர் ஒரு பழக்கத்தை அடியோடு விட வேண்டும். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கும் பழக்கம்! எப்போதுமே அது கெட்ட பழக்கம்தான். பூஸ்டர் உள்ள காரில் அது உயிருக்கே உலை. இஞ்சின் நின்றபின் இரண்டு மூன்று மிதிக்குத்தான் பூஸ்டர் உதவும். பிறகு பெடல் கல்லாகிவிடும்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளுவது இதுதான். டிரம்முக்கு என்று செய்த பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்ன வால்வு இருக்கும். கால் எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். டிரம்முக்கு அது வேண்டும். டிஸ்க்குக்கு அது எமன். பேடுகள் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். சூடாகும். பெட்ரோலும் வீணாகும். ஆகவே அந்த வால்வை எடுக்க வேண்டும். அல்லது மாஸ்டர் சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

மாற்றுவதே நல்லது. பழைய சிலிண்டரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஒரு குழாய் ஒழுகினால் நான்கும் போச்சு! இரட்டைச் சிலிண்டரில் இரண்டு தனி வழிகள். ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும். இதற்காகச் செலவழிக்கத் தயங்குபவர், டிஸ்க் போடும் யோசனையையே கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

பாகங்களை எங்கே வாங்குவது? டிஸ்க்கோடு வந்த பிற்கால அம்பாசிடரின் பாகங்களைத் தேடுவதே முறை. ஏதோ ஒரு காரின் காலிப்பரை எடுத்து வந்து, இரும்புப் பட்டையை வெட்டி, வெல்டிங் வைத்துப் பிடிக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். முழுக் காரின் பாரமும் வேகமும் அந்த ஒரு வெல்டிங் மீது விழுகிறது. பெண்டாட்டி பிள்ளைகளை அந்த வெல்டிங்கை நம்பியா ஏற்றுவது?

பின் சக்கரத்தில் டிரம்மே இருக்கும். அதை மறந்துவிடக்கூடாது. பின் ஷூக்களை அவ்வப்போது அட்ஜஸ்ட் செய்யாவிட்டால் பெடல் ஆழமாகப் போகும். ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரத்தில்தான். முன்னால் புது டிஸ்க் மின்னுகிறது என்று பின்னால் எண்ணெய் படிந்த லைனிங்கை விட்டு வைப்பது, வாசலுக்குப் பூட்டுப் போட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைப்பது போல.

டயரும் சேர்த்திதான். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. காரை நிறுத்துவது டயர். வழுக்கையான டயருக்கு எந்த டிஸ்க்காலும் உதவ முடியாது.

பழமை கெட்டுவிடுமா?

"பழைய காரை அப்படியே வைத்திருப்பதுதான் அழகு. டிஸ்க் போட்டால் பழமை போய்விடும்" என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. கண்காட்சிக்கு மட்டும் போகிற கார் என்றால் அவர்கள் பக்கம்தான் நியாயம். ஊருக்குள் 30 கிலோ மீட்டர் வேகத்தில் கோவிலுக்குப் போய் வரும் காருக்கும், நன்றாகப் பராமரித்த டிரம்மே போதும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019-ல் தீர்ப்புச் சொன்னது. 2021-ல் வந்த மத்திய அரசின் விதிப்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரைப் பழம்பெருமை வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் அது மூல வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக்கூடாது. ஆகவே ஸ்பானரை எடுக்கும் முன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

அனுமதியும் அவசியமும் இருந்தால், பழமை பழமை என்று தயங்க வேண்டியதில்லை. காரின் பழமையைவிடக் காருக்குள் இருப்பவர்கள் பெரியவர்கள்.

போட்டால் போதுமா?

டிஸ்க் போட்டாகிவிட்டது. இனிக் கவலை இல்லை என்று உட்கார்ந்துவிடலாமா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

பிரேக் ஆயில் என்கிறோம். உண்மையில் அது எண்ணெயே அல்ல! காற்றில் உள்ள ஈரத்தை அது உறிஞ்சும். கார் ஷெட்டில் சும்மா நின்றாலும் உறிஞ்சும். டாட் 3 என்ற வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி சூடு வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 வகைக்கு 230, ஈரம் சேர்ந்தால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். சக்கரம் நிற்காது. மலை இறக்கத்தில் பிரேக் திடீரென்று இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பழையதை முழுக்க வெளியேற்றிப் புதியது ஊற்ற வேண்டும். கார் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி. அவசரத்துக்கு இஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் ரப்பரை ஊதிக் கெடுத்துவிடும். பிரேக் ஆயில் பெயிண்டில் சிந்தினாலும் விபரீதம்தான். அத்தனை செலவு செய்த பெயிண்ட் உரிந்துவிடும்! உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

புது ஆயில் ஊற்றியதும் குழாயில் உள்ள காற்றை எடுக்க வேண்டும். இது இரண்டு பேர் வேலை. வீட்டுப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலையும்கூட. அப்பா சக்கரத்தின் பக்கத்தில் குனிந்திருப்பார். மகள் டிரைவர் சீட்டில்.

"அழுத்தும்மா!"

"அழுத்திட்டேம்பா!"

"விடாதே... விடாதே... இப்போ விடு!"

நிப்பிளைத் திறந்ததும் ஆயிலோடு குமிழ் குமிழாகக் காற்று வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்துவிட்டால் வெளிக்காற்று உள்ளே போய்விடும், மறுபடியும் முதலிலிருந்து! மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, பக்கத்தில் உள்ளதில் முடிப்பது வழக்கம். எவ்வளவு எடுத்தும் பெடல் பஞ்சாகவே இருக்கிறதா? காலிப்பரைப் பாருங்கள். நிப்பிள் மேல் பக்கம் இருக்க வேண்டும். இடது வலது மாறிப் பூட்டியிருந்தால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலேயே தங்கிவிடும். நாள் முழுக்க மிதித்தாலும் போகாது.

பேடு 3 மில்லி மீட்டர் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். கிறீச் என்று இரும்பு கத்தும் வரை காத்திருப்பவர், பேடோடு டிஸ்க்கும் வாங்கவேண்டி வரும். டிஸ்க்கும் தேயும். எந்த அளவுக்குக் கீழே தேயக்கூடாது என்பது பெரும்பாலும் அதன் மீதே பொறித்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது பெடல் காலை உதைக்கிறதா? டிஸ்க் கோணலாக இருக்கலாம். வீல் பேரிங் ஆடினாலும் அப்படி வரும். பழைய காரில் பேரிங்கைப் பார்க்காமல் டிஸ்க்கைக் குறை சொல்வது வழக்கமாகப் போய்விட்டது. கார் ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பர் ஒன்று இறுகியிருக்கிறது, அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். வெளியே புதிது மாதிரி இருக்கும் ஹோஸ் உள்ளே செத்திருக்கும்.

புதுப் பேடு போட்டதும் காரை எடுக்காதீர்கள். பேடை நுழைப்பதற்காகப் பிஸ்டனைப் பின்னால் தள்ளியிருப்பார்கள். முதல் மிதியில் பெடல் தரை வரை போகும். காரை நிறுத்தி வைத்தபடியே, பெடல் கெட்டியாகும் வரை பல தடவை மிதிக்க வேண்டும். இதை மறந்து ஷெட்டிலிருந்து காரை எடுத்து, எதிர்ச் சுவரில் போய் நின்றவர்கள் உண்டு. சுவராக இருந்ததே அவர்கள் அதிர்ஷ்டம்! பிறகு ஆளில்லாத ரோட்டில் 50 கிலோ மீட்டர் வேகத்திலிருந்து நிதானமாக இருபது தடவை வேகத்தைக் குறைத்துக் குறைத்து, நடுநடுவே ஆறவிட்டு, பேடைப் பழக்க வேண்டும்.

பழைய டிரம்மைக் கழற்றும்போது உள்ளே கறுப்புப் பொடி இருக்கும். அதை வாயால் ஊதாதீர்கள். காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். மூச்சில் போனால், பல வருடம் கழித்து நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து, ஒரு பையில் கட்டிப் போட வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

கழற்றிய டிரம், ஷூ, பழைய மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாமல், துடைத்து, கிரீஸ் தடவி, சாக்கில் கட்டிப் பரணில் வைத்துவிடலாம். இந்தக் கார் முதலில் இருந்தபடியே வேண்டும் என்று ஒரு நாள் பேரன் கேட்கக்கூடும். அப்போது பரணில் தேடினால் கிடைக்கும். கடையில் தேடினால் கிடைக்காது.